லாரிக் காப்பீடு: செலவின் கணக்கும் காப்பின் எல்லையும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த கீரமங்கலம், பூ, தேங்காய், பலா, வாழை ஆகியவற்றின் வணிகத்தால் பெயர்பெற்ற பேரூராட்சி ஆதலால், அப்பகுதித் தோட்டங்களில் விளையும் எதுவும் வண்டி ஏறாமல் காசாவதில்லை. விடியுமுன் பறித்த மல்லிகையும் முல்லையும் வாடுமுன் வெளியூர்ச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்கும், கோடையில் வடகாடு, மாங்காடு முதலிய சுற்றூர்களில் வெட்டப்படும் பலாப்பழம் கமிஷன் கடைகளிலிருந்து தொலைவூர்களுக்குச் செல்வதற்கும், உரித்த தேங்காய் மூட்டை மூட்டையாக மண்டிகளை அடைவதற்கும், மூன்று சக்கர லோடு ஆட்டோ தொடங்கிப் பத்துச் சக்கர லாரி வரை பலவகை வண்டிகள் வேண்டியிருக்கின்றன. அந்த வண்டிகளை இயக்குவோர் டீசல், டயர், ஓட்டுநர் சம்பளமும் படியும், ஃபைனான்ஸ் தவணை, சாலை வரி, சுங்கக் கட்டணம், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று என்று அடுக்கிக்கொண்டு போகும் செலவுப் பட்டியலில், ஆண்டுக்கொரு முறை மொத்தமாகக் கட்டவேண்டிய இன்சூரன்ஸ் பணமே பலருக்கும் மிகக் கசப்பானதாகத் தோன்றுகிறது.

அக்கசப்புக்குக் காரணம் உண்டு. டீசல் போட்டால் வண்டி ஓடுகிறது, டயர் மாற்றினால் பிடிப்பு கிடைக்கிறது, ஆனால் காப்பீட்டுக்குக் கட்டிய பணம் ஆண்டு முழுதும் கண்ணுக்குத் தெரியும் பயன் எதையும் தராமலே தீர்ந்துவிடுகிறது. அந்தத் தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அதில் எந்தப் பகுதி சட்டத்தால் நிலைப்படுத்தப்பட்டது, எந்தப் பகுதி உரிமையாளரின் கைக்குள் இருக்கிறது என்பவற்றை அறியாதவர்கள், குறைக்க முடியாத இடத்தில் குறைக்க முயன்றும், விட்டுவிடக் கூடாத காப்பை விட்டுவிட்டும், விபத்து நேர்ந்த நாளில் வீட்டையும் நிலத்தையும் இழக்கும் நிலைக்கு ஆளாகின்றனர். ஆகவே லாரிக் காப்பீட்டின் விலையைப் புரிந்துகொள்வதென்பது சிறு உரிமையாளரின் வாழ்வாதாரத்தோடு நேரடியாகப் பிணைந்த அறிவாகும்.

ஒரே தாளில் இரண்டு ஒப்பந்தங்கள்

வழக்கில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்லப்படும் காப்பீட்டுத் தாள் ஒன்றாகக் காணப்பட்டாலும், அதற்குள் இயல்பால் வேறுபட்ட இரண்டு ஒப்பந்தங்கள் அடங்கியுள்ளன. முதலாவது மூன்றாம் நபர் காப்பீடு: வண்டி உரிமையாளர் ஒருவர், காப்பீட்டு நிறுவனம் மற்றொருவர், இவ்விருவரும் அல்லாமல் சாலையில் நடந்தோ வேறு வண்டியிலோ சென்று அடிபடுபவர் மூன்றாமவர் என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இரண்டாவது சொந்தச் சேதக் காப்பீடு: மோதல், தீ, திருட்டு, புயல், வெள்ளம் முதலியவற்றால் உரிமையாளரின் வண்டிக்கே ஏற்படும் இழப்பை ஈடுசெய்வது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு முதலாவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, இரண்டாவதை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. எனினும் வண்டி கடனில் இருக்கும் வரை, கடன் கொடுத்த நிறுவனம் தன் பணத்துக்குப் பாதுகாப்பாக இரண்டும் சேர்ந்த காப்பீட்டையே கேட்பதால், கட்டாயமில்லாததும் நடைமுறையில் கட்டாயமாகிவிடுகிறது.

கட்டாயக் காப்பீடு இந்தியாவுக்குப் புதியதன்று. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கான அத்தியாயம் சேர்க்கப்பட்டு, அது 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்தில் இறந்தவரின் குடும்பம் வழக்கில் வென்றாலும், தீர்ப்பில் சொன்ன தொகையைக் கொடுக்க வண்டிக்காரரிடம் பணம் இல்லாவிட்டால் அத்தீர்ப்பு வெறுந்தாளாகிவிடும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படைக் கவலை. இன்றைய சட்டப்படி காப்பீடின்றி வண்டி ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். ஆயினும் காப்பீடில்லாத லாரிக்காரர் அஞ்சவேண்டியது இந்த அபராதத்துக்காக அன்று. விபத்தில் ஓர் உயிர் போனால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் அவர் தலையிலேயே விழும் என்பதே பெரிய ஆபத்து.

ஓர் உயிருக்கான இழப்பீடு

மூன்றாம் நபர் கட்டணம் ஏன் இவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்ற கேள்விக்கு விடை, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் இழப்பீட்டைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2009இல் சர்லா வர்மா வழக்கிலும், 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வின் வழியாகவும் இம்முறையை ஒழுங்குபடுத்தியது. இறந்தவரின் ஆண்டு வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கென ஒரு விழுக்காட்டைக் கூட்டி, அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய பங்கைக் கழித்து, எஞ்சியதை வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவதே அது.

எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 34 வயதுத் தேங்காய் வெட்டும் தொழிலாளி ஒருவர் லாரி மோதி இறந்துவிட, மனைவி, இரு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். சொந்தத் தொழில் செய்பவர் அல்லது நிரந்தரப் பணியில்லாதவர் நாற்பது வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் 40 விழுக்காடு கூட்டவேண்டும் என்பதால் அது 2,52,000 ரூபாய் ஆகும். சார்ந்திருப்போர் நான்கு முதல் ஆறு பேர் எனில் கால் பங்கு கழிக்கப்படும் என்பதால் 1,89,000 ரூபாய் எஞ்சும். 31 முதல் 35 வயது வரையிலானவர்க்குரிய பெருக்கெண் 16 ஆதலால் இழப்பீடு 30,24,000 ரூபாய் என்று வரும். ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்தமை முதலியவற்றுக்கான தொகைகளும், மனு தாக்கல் செய்த நாள் தொட்டு வட்டியும் இதற்கு மேல் சேரும். உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை என்பதால், பொதுவான சாலை விபத்து வழக்கில் இந்த முழுத் தொகையையும் நிறுவனமே ஏற்கவேண்டும்.

நடுத்தர லாரி ஒன்றுக்கு இன்று விதிக்கப்படும் ஓராண்டு மூன்றாம் நபர் கட்டணம் 35,313 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால், மேற்கண்ட ஒரே ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்குச் சேரவேண்டியது ஏறத்தாழ 86 லாரிகளின் ஓராண்டுக் கட்டணத்துக்குச் சமம். மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர், அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். இவ்வெண்களை மனத்தில் கொண்டால், கட்டணம் உயர்ந்து நிற்பதன் காரணம் நிறுவனங்களின் பேராசை ஒன்றே என்று சொல்லிவிட முடியாது என்பது விளங்கும்.

இக்கூட்டுப் பொறுப்பின் இயல்பைக் கீரமங்கலம் வட்டாரத்தவர்க்கு விளக்க நீண்ட உரை தேவையில்லை. ஆனி, ஆடி மாதங்களில் இப்பகுதியில் நடைபெறும் மொய் விருந்தில் பலரும் சிறுசிறு தொகை போட்டு ஒருவர் கையில் பெருந்தொகை சேர்க்கின்றனர். காப்பீடும் பலர் பணத்தை ஒருவருக்குத் திரட்டித் தருவதுதான், ஆனால் மொய்யில் போட்டவர் ஒவ்வொருவருக்கும் முறை வரும்போது பணம் திரும்புகிறது, காப்பீட்டிலோ இழப்பு நேர்ந்தவருக்கு மட்டும் பணம் செல்கிறது. முறை வராமலே இருப்பது மொய்யில் நட்டம், காப்பீட்டில் நற்பேறு. ‘இத்தனை ஆண்டு கட்டியும் ஒன்றும் திரும்பவில்லை’ என்னும் மனக்குறை, இவ்வேறுபாட்டைக் கருதாததால் எழுவது.

எடையே விலையை முடிவு செய்கிறது

மூன்றாம் நபர் கட்டணத்தை எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி ஏற்றவோ இறக்கவோ முடியாது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் முன்பு அதனை அறிவித்து வந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், அவ்வாணையத்தோடு கலந்து மத்திய அரசே அதனை விதிகளாக வெளியிடுகிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், வாடகைக்குச் சரக்கேற்றும் லாரிகளை அவற்றின் மொத்த எடையைக் கொண்டு ஐந்து அடுக்குகளாகப் பிரித்தன. மொத்த எடை என்பது வண்டியின் சொந்த எடையும் அது ஏற்றிச் செல்ல அனுமதிக்கப்பட்ட சரக்கின் எடையும் சேர்ந்தது, ஆர்.சி. புத்தகத்தில் பதியப்பட்டிருப்பது. அதன்படி 7,500 கிலோ வரை 16,049 ரூபாய், அதற்கு மேல் 12,000 கிலோ வரை 27,186 ரூபாய், 20,000 கிலோ வரை 35,313 ரூபாய், 40,000 கிலோ வரை 43,950 ரூபாய், அதற்கும் மேற்பட்டால் 44,242 ரூபாய் என்று அடிப்படைக் கட்டணம் அமைந்தது. மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்கு 4,492 ரூபாய். மின்சாரத்தில் ஓடும் சரக்கு வண்டிகளுக்கு 15 விழுக்காடு தள்ளுபடியும் அவ்விதிகளில் உண்டு.

இவ்வடுக்குகளை ஊன்றிப் பார்த்தால் சிறு உரிமையாளர் மேல் விழும் சுமையின் தன்மை தெரியவரும். 7,500 கிலோ வண்டிக்கு மொத்த எடையில் டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,140 ரூபாய் கட்டணமாக, 40,000 கிலோ வண்டிக்கு அது 1,099 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது. அதுபோல், ஆண்டு முழுதும் சரக்குக் கிடைக்கும் நெடுந்தூர லாரிக்கும், பலாப் பருவத்தில் மட்டும் ஓய்வின்றி ஓடிப் பின் பல வாரம் நிழலில் நிற்கும் ஊர் வண்டிக்கும் கட்டணம் ஒன்றே, ஏனெனில் ஓடிய தூரம் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. புதிய வண்டி வாங்க எண்ணுபவர், 7,500 கிலோவைச் சற்றே தாண்டும் வண்டிக்கு ஆண்டுதோறும் 11,137 ரூபாய் கூடுதலாகக் கட்டவேண்டும் என்பதையும், அக்கூடுதல் சுமைக்கேற்ற சரக்கு தமக்கு உண்மையில் கிடைக்குமா என்பதையும் தவணைக் கணக்கோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

இக்கட்டணங்கள் எதிர்ப்பின்றி உயர்ந்து விடவில்லை. 2017 மார்ச் 30 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களின் லாரி உரிமையாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு மூன்றாம் நபர் கட்டண உயர்வே முதன்மைக் காரணமாக இருந்தது. 2018 ஜூலை 20 அன்று தொடங்கி ஒரு வாரம் நீடித்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்திலும் டீசல் விலை, சுங்கக் கட்டணம் ஆகியவற்றோடு இக்கோரிக்கையும் இடம்பெற்றது. மறுபக்கத்தில், பழைய லாரிகளுக்கு இழப்பீடு கட்டணத்தை விஞ்சுகிறது என்று சொல்லி நிறுவனங்கள் காப்பீடு தரவே தயங்கிய காலமும் இருந்தது. அந்நிலையைத் தீர்க்கவே 2007 ஏப்ரல் 1 முதல் 2012 மார்ச் வரை, வணிக வண்டிகளின் மூன்றாம் நபர் பொறுப்பை எல்லா நிறுவனங்களும் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு செயல்பட்டது. கட்டணம் மிகக் குறைந்தால் காப்பீடு கிடைக்காமல் போகும், மிக உயர்ந்தால் வண்டி ஓடாமல் நிற்கும் என்னும் இவ்விரண்டு எல்லைகளுக்கு இடையேதான் அரசு விலையை வைக்கவேண்டியிருக்கிறது. வரியில் மட்டும் அண்மையில் ஆறுதல் கிடைத்தது: சரக்கு வண்டிகளின் மூன்றாம் நபர் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

சொந்தச் சேதம்: பேரம் பேசக்கூடிய பகுதி

சொந்தச் சேதக் காப்பீட்டின் விலை இதற்கு நேர்மாறாக நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். 2007 ஜனவரி 1க்கு முன் அதற்கும் நாடு முழுவதும் ஒரே விலைப்பட்டியல் இருந்தது. 2002இல் வகுக்கப்பட்ட அந்தப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நிறுவனங்கள் தத்தம் கணிப்புக்கேற்பத் தள்ளுபடி தருவதே பின்னர் வழக்கமாயிற்று. சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய பெருநகரங்கள் ஒரு மண்டலம், மற்ற மாநிலத் தலைநகரங்கள் மற்றொன்று, எஞ்சிய நாடு முழுதும் மூன்றாவது என்னும் பகுப்பில், புதுக்கோட்டையில் பதிவான வண்டிகள் விலை குறைந்த மூன்றாம் மண்டலத்தில் அடங்கும். எனினும் மண்டலங்களுக்கு இடையிலான வேறுபாடு மிகச் சிறிது.

இப்பகுதியின் விலை முதன்மையாக ஐ.டி.வி. என்று சுருக்கி வழங்கும் காப்பீட்டு மதிப்பைப் பொறுத்தது. வண்டி முற்றிலும் அழிந்தாலோ திருடப்பட்டாலோ நிறுவனம் தரும் உச்சத்தொகை அதுவே. தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து அது பெறப்படுகிறது: ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடு. ஐந்தாண்டுக்குப் பின் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பிரீமியம் குறையும் என்பதற்காக மதிப்பைக் கீழே இறக்கிக் காட்டுவது, இழப்பு நாளில் தனக்குரிய தொகையைத் தானே வெட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

நான்கு ஆண்டுக்கு உட்பட்டதும், 16,200 கிலோ மொத்த எடையும் 12 லட்சம் ரூபாய் காப்பீட்டு மதிப்பும் கொண்டதுமான லாரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பழைய பட்டியலின்படி மூன்றாம் மண்டலத்தில் மதிப்பின் மேல் 1.726 விழுக்காடு எனில் 20,712 ரூபாய். 12,000 கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 27 ரூபாய் வீதம் 1,134 ரூபாய் சேர்த்தால் 21,846 ரூபாய் ஆகிறது. நிறுவனம் 40 விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும், மூன்று ஆண்டு தொடர்ந்து இழப்பீடு கோராததற்கான ‘நோ கிளெய்ம் போனஸ்’ 35 விழுக்காடு கிடைப்பதாகவும் கொண்டால், அத்தொகை ஏறத்தாழ 8,520 ரூபாயாக இறங்கிவிடும். மூன்றாம் நபர் கட்டணமான 35,313 ரூபாயையும், 5 விழுக்காடு, 18 விழுக்காடு என்று இரு பகுதிக்கும் உரிய வரிகளையும் சேர்க்க, மொத்தம் 47,132 ரூபாய் அளவில் வரும். அதாவது வரி நீங்கலான செலவில் ஐந்தில் நான்கு பங்கு சட்டம் நிர்ணயித்தது, ஒரு பங்கே பேரத்துக்கு உட்பட்டது. அந்த லாரி ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 79 காசும், 25,000 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் 1 ரூபாய் 89 காசும் காப்பீட்டுக்குப் போகிறது. வாடகை பேசும்போது இக்கணக்கைக் கையில் வைத்திராதவர், அச்செலவைத் தம் கூலியிலிருந்தே கொடுக்கின்றவர் ஆகிறார்.

பேரத்துக்கு உட்பட்ட ஒரு பங்குதானே என்று சொந்தச் சேதக் காப்பைக் கைவிடுவதன் பொருளை இவ்வட்டாரம் எளிதில் உணரக்கூடும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் கீரமங்கலம் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது இருந்ததைப் போன்ற சூறையில், மரம் விழுந்து நசுங்கும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் ஒரு ரூபாயும் கிடையாது. புயல், வெள்ளம், மின்னல், நிலச்சரிவு ஆகியவை சொந்தச் சேதப் பகுதியில் மட்டுமே அடங்கும். அதிலும் எல்லாம் முழுதாகக் கிடைப்பதில்லை. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் மாற்றுச் செலவில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும். வணிக வண்டிகளில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் ஆகியவற்றின் சேதம், அதற்கெனக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தாலொழியப் பொதுவாகச் சேராது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியதால் அச்சு முறிந்தாலும், எந்திரம் தானே பழுதுபட்டாலும் இழப்பீடு இல்லை.

காப்பு கைவிடும் இடங்கள்

கட்டணம் சரியாகக் கட்டியிருந்தும் காப்பு கிடைக்காமல் போகும் இடங்களே லாரிக் காப்பீட்டின் உண்மையான பெருஞ்செலவு. அவற்றுள் முதலாவது சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது. தோட்ட வேலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் லோடு வண்டியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது ஊரகங்களில் பழகிப்போன காட்சி. சரக்கின் உரிமையாளரோ அவரால் அனுப்பப்பட்டவரோ சரக்கோடு செல்லலாம் என்று 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறிச்செல்லும் பயணிகளுக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வண்டி கவிழ்ந்து பத்துப் பேர் அடிபட்டால், அப்பத்துக் குடும்பங்களுக்குமான பொறுப்பு உரிமையாளரின் சொத்தைத் தேடி வரும். அடிபட்டவர்களோ, வழக்கில் வென்றாலும் வசூலிக்க வழியில்லாமல் அலைய நேரிடும். உரிமையாளரைக் காட்டிலும் ஏழைகளான அவர்களை எண்ணியேனும் இவ்வழக்கம் நிறுத்தப்பட வேண்டும்.

இரண்டாவது ஓட்டுநர் உரிமம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் மட்டும் வைத்திருப்பவர் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாமா என்பது நெடுநாள் வழக்காக இருந்து, 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ‘ஓட்டலாம்’ என்று தீர்ப்பளித்தது. ஊரில் ‘குட்டி யானை’ என்று அழைக்கப்படும் சிறு வண்டிகளை வைத்திருப்போர்க்கு இது பேருதவி. ஆயினும் உரிமமே இல்லாதவரிடமோ காலாவதியான உரிமம் உள்ளவரிடமோ வண்டியைக் கொடுத்தால், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற ஆணை பிறப்பிக்கப்படும் வாய்ப்பு உண்டு. பெர்மிட் இல்லாமல் ஓட்டிய வண்டிக்கும் அதே நிலை என்று 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எஃப்.சி. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதால், காப்பீட்டு நாளோடு அந்நாளையும் குறித்து வைத்திருப்பது முறை.

மூன்றாவது சரக்கு. லாரிக் காப்பீடு லாரியைக் காக்கும், அதன் மேல் இருக்கும் தேங்காயையும் பலாவையும் பூக்கூடையையும் காக்காது. சரக்குக்கு வணிகர் தனியே போக்குவரத்துக் காப்பீடு எடுக்கவேண்டும், அல்லது சரக்கேற்றுபவர் தம் பொறுப்புக்கெனத் தனிக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். நான்காவது வண்டியிலேயே பணிபுரியும் ஓட்டுநரும் கிளீனரும். தாமே ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கும் கிளீனருக்கும் சட்டப் பொறுப்புக் காப்பு ஆளுக்கு 50 ரூபாய் அளவிலான கூடுதல் பிரீமியத்தில் கிடைக்கிறது. இவ்வளவு குறைந்த தொகைக்காக, இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டுபவரின் குடும்பத்தைக் காப்பின்றி விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

புதுப்பிக்கும் நாளில்

ஆகவே செலவைக் குறைக்க விரும்பும் உரிமையாளர் கருத்துச் செலுத்தத்தக்க இடங்கள் தெளிவாகவே இருக்கின்றன. மூன்றாம் நபர் கட்டணம் எங்கும் ஒன்றே ஆதலால், ‘வேறிடத்தில் மிகக் குறைவு’ என்று எவரேனும் சொன்னால், எடை அடுக்கு குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறதா, தாளே போலியா என்று ஐயுற வேண்டும். சொந்தச் சேதப் பகுதிக்கு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு, ஒரே ஐ.டி.வி.க்கு ஒப்பிட வேண்டும். போனஸ் முதலாண்டு முடிவில் 20 விழுக்காட்டில் தொடங்கி, இழப்பீடு கோராத ஐந்து ஆண்டுக்குப் பின் 50 விழுக்காடு வரை உயர்வது ஆதலால், சில ஆயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு அதனை இழப்பது லாபமா என்று முன்கூட்டிக் கணக்கிட வேண்டும். காப்பீடு முடிந்து 90 நாள் கடந்தால் போனஸ் அறவே போய்விடும். பணம் நிறுவனத்தைச் சேரும் முன் காப்பு தொடங்குவதில்லை என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு. எனவே ஒரு நாள் இடைவெளியும், திரும்பி வந்த காசோலையும் காப்பீடின்மைக்குச் சமம்.

தாளைப் பெற்றவுடன் படிக்கவேண்டியது அதன் அட்டவணைப் பக்கம். வண்டி எண், எஞ்சின் எண், மொத்த எடை, வாடகை வண்டி என்னும் வகை, போனஸ் விழுக்காடு, ஓட்டுநர்-கிளீனர் எண்ணிக்கை, கடன் கொடுத்தவர் பெயர் ஆகியவை அங்கே இருக்கும். முந்தைய ஆண்டில் இழப்பீடு பெற்றிருந்தும் போனஸ் பதியப்பட்டிருந்தால், அது லாபமன்று, பின்னால் இழப்பீடு மறுக்கப்படுவதற்கான காரணம். விபத்து நேர்ந்தால் உடனே காவல் நிலையத்துக்கும் நிறுவனத்துக்கும் தெரிவித்து, சர்வேயர் எனப்படும் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் வண்டியைப் பழுதுபார்க்காமல் வைத்திருக்க வேண்டும். மறுப்பு நியாயமற்றதெனில் தனி உரிமையாளர்கள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

தனி ஒருவரின் விழிப்பால் குறையக்கூடியது ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சிய நான்கு பங்கு, சாலையில் இறப்பவர் தொகையும் அவர்தம் குடும்பங்களுக்குச் சேரும் இழப்பீடும் சேர்ந்து உருவாக்கும் விலை ஆதலால், அது விபத்து குறைந்தால் மட்டுமே நிலையாகக் குறையும். ஓட்டுநருக்குப் போதிய உறக்கம் தரும் உரிமையாளரும், அளவுக்கு மேல் சுமை ஏற்றச் சொல்லாத வணிகரும், நின்ற வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்கு வைக்கும் கிளீனரும், வளைவுகளுக்கு வெளிச்சமும் வண்டி நிறுத்த இடமும் அமைக்கவேண்டிய அரசும் சேர்ந்தே அதனை இறக்க முடியும். கட்டண உயர்வுக்கு எதிராக வலுவாகக் குரல் கொடுக்கும் லாரி உரிமையாளர் சங்கங்கள், அதே வலுவோடு சாலைப் பாதுகாப்பையும் கோரிக்கையாக்கினால், அரசின் முன் வைப்பதற்கு அதைவிட உறுதியான வாதம் அவற்றுக்குக் கிடைக்காது.